முதியோர் இல்லத்துப் பொது ஹாலில் வெக்கையும் குளிரும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கத்து முதியோர் இல்லங்களில் பங்குனி பிறந்தாலே ஹால் சூடு பற்றித்தான் பேச்சு. தங்கியிருக்கும் பெரியவர்கள் கேட்கிறார்கள், வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள், வெளியூரிலிருந்து போன் போடும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். சொந்த அறையை அவரவர் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். இங்கே சொல்வதெல்லாம் எல்லோரும் சேர்ந்து உட்காரும் இடங்களுக்கு: டிவி ஹால், சாப்பாட்டுக் கூடம், பூஜை ஹால், வராந்தா.

ஹால்ல எத்தனை டிகிரி இருக்கணும்? ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க.

ஏசி இருக்கும் ஹால் என்றால் 26 முதல் 28 வரை வையுங்கள், கூடவே ஃபேன் மெதுவாகச் சுற்றட்டும். ஒரே எண்தான் வேண்டுமென்றால் 27. வெயில் ஊரில் வாழ்ந்து பழகிய உடம்புக்கு அது போதும்.

ஏசி இல்லாத ஹாலுக்கு ஒரு மேல் எல்லை உண்டு. வயதானவர்கள் இருக்கும் அறை பகலில் 32 டிகிரிக்குக் கீழேயும் இரவில் 24-க்குக் கீழேயும் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கத்திரி வெயிலில் வேலூர் இரவில் ஏசி இல்லாமல் 24 கிடைக்காது. ஆனால் பகல் 32 என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஹால் அதைத் தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும் என்று இல்லத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குளிருக்கும் கீழ் எல்லை ஒன்று உண்டு, 18 டிகிரி. மார்கழி பற்றிய கேள்வியில் அதைப் பார்ப்போம்.

செய்தியில 41னு சொல்றாங்க. எங்க ஹால் உள்ள எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?

செய்தியில் வரும் எண் வெளியே, நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்து எடுத்தது. உங்கள் ஹாலுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. கீழ்த்தளத்து ஹால் 33-இல் இருக்கும்போது மேல்தளத்து ஹால் 38-இல் இருக்கலாம்.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு பொது ஹாலிலும் ஒன்று மாட்டுங்கள். உட்கார்ந்திருப்பவரின் தோள் உயரத்தில், வெயில் படாத உள்சுவரில், ஏசி காற்று நேராக அடிக்காத இடத்தில் இருக்கட்டும். டிவிக்கு மேலே மாட்டினால் டிவியின் சூட்டைத்தான் காட்டும். காலை 6, மதியம் 3, இரவு 9 என மூன்று வேளையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்த நோட்டு பின்னால் வரும் பல கேள்விகளுக்கு உதவும்.

எங்க காலத்துல ஃபேனே கிடையாது, நல்லாத்தானே இருந்தோம்? இப்ப மட்டும் என்ன இவ்வளவு அலட்டல்?

இதைக் கேட்பவர்கள் எண்பது வயதுப் பெரியவர்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். அன்றைக்கு நாட்டு ஓடு, மண்சுவர், திண்ணை, முற்றம். இன்றைக்கு மேலே கான்கிரீட், பக்கத்தில் தார் ரோடு. வீடு மாறிவிட்டது. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று ஊர் சொலவடையே சொல்கிறது. மொட்டைப் பாறை பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொள்கிறது, வறண்ட பாலாறு குளிர்ச்சி தருவதில்லை.

உடம்பும் மாறிவிட்டது. வயது ஏற ஏற வியர்வை குறையும், தாகம் மந்தமாகும், தோலுக்கு ரத்தம் ஓடிச் சூட்டை வெளியே தள்ளும் வேகமும் குறையும். உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும், ஆனால் அவருக்குத் தெரியாது. ‘எனக்கு ஒண்ணும் இல்லைம்மா’ என்று மனதாரச் சொல்வார். அதனால்தான் அவர் சொல்வதைக் கேட்பதோடு மீட்டரையும் பார்க்கச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசே 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. இது அலட்டல் இல்லை.

மேல்மாடி ஹால் ராத்திரி பத்து மணிக்கும் கொதிக்குது. வெயில் போயிட்டப்புறமும் ஏன்?

கான்கிரீட் தளம் தோசைக்கல் மாதிரி, அடுப்பை அணைத்த பிறகும் சூடு விடாது. பகலில் வாங்கிய வெப்பம் தளத்தின் மேற்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கத்துக்கு இறங்கி வரவே பல மணி நேரம் ஆகும். அதனால்தான் சாயங்காலத்துக்கு மேல் விட்டத்திலிருந்து அனல் இறங்குகிறது. நாற்காலி மேல் நின்று விட்டத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், புரியும். அந்த நேரத்தில் ஃபேன் போட்டால் மேலே தேங்கிய சூட்டைத்தான் கீழே தள்ளும்.

முதலில் மாடித் தளத்தை வெள்ளையாக்குங்கள். வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பெயிண்ட் கடைகளில் இருக்கிறது. பணம் இல்லையென்றால் சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கை அடித்தாலும் பலன் உண்டு. மேல்தளத்து அறையில் 2 முதல் 5 டிகிரி வரை குறையும். சுண்ணாம்பை ஒவ்வொரு மாசியிலும் புதுப்பிக்க வேண்டும். தூசி படிந்து சாம்பல் நிறமாகிவிட்டால் பலன் போய்விடும், அதனால் நடுவில் ஒருமுறை பெருக்கித் துடைக்கவும் வேண்டும். தட்டோடு பதித்த மாடி என்றால் அதன் மேலேயே அடிக்கலாம். ஓடு சிவப்பாக இருக்கிறதே என்று விடாதீர்கள்.

அடுத்தது பந்தல். மாடியில் கம்பி நட்டுப் பச்சை நிழல் வலை கட்டினால் தளத்தில் வெயில் நேராக விழாது. வலைக்கும் தளத்துக்கும் இடையே ஆள் நிற்கும் உயரம் இருக்கட்டும், காற்று ஓடும். கீற்றுப் பந்தல் இன்னும் குளிர்ச்சிதான். ஆனால் நடக்க முடியாதவர்கள் இருக்கும் கட்டடத்தின் தலையில் கீற்று வேண்டவே வேண்டாம். 2004-இல் கும்பகோணம் பள்ளியில் கூரைத் தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. சக்கர நாற்காலியில் இருப்பவரைப் படி வழியாக இறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரே ஒரு தடவை யோசித்தால் போதும்.

மாடியில தண்ணி தெளிச்சா போதாதா?

சாயங்காலம் தெளித்தால் கொஞ்சம் இறங்கும். ஆனால் வேலூரில் கோடையில் குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கும் இல்லங்கள் உண்டு. வெள்ளை அடிப்பது ஒரு நாள் வேலை, தெளிப்பது தினமும் வேலை. தேங்கினால் கொசு வேறு.

மதியம் ஜன்னலைத் திறந்து வெச்சா காத்து வரும்ல? ஏன் மூடச் சொல்றீங்க?

வரும், அனல் காற்று. வெளியே 40, உள்ளே 33 என்று இருக்கும்போது ஜன்னலைத் திறப்பது சூட்டை உள்ளே அழைப்பதுதான். காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் வெளிக்காற்று உள்காற்றைவிடச் சூடாகத் தொடங்கும்போது மூடிவிடுங்கள். இரவில் வெளியே இறங்கியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, விடியும் வரை விடுங்கள். கொசுவலை அடித்திருந்தால் மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள். அடைத்துப்போன வலையில் காற்று பாதிதான் வரும்.

மேற்குப் பார்த்த ஜன்னலுக்குத் திரை உள்ளே போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது.

இதில் ஒரு விஷயம். நிறைய பேர் ஹாலில் இருக்கும்போது முழுக்க அடைத்துவிட்டால் புழுங்கும். வடக்குப் பக்கத்து ஜன்னல் ஒன்றை ஒரு சாண் திறந்து வைத்தால் போதும்.

ஃபேன் மட்டும் போதுமா?

ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, வியர்வையை உலர்த்துகிறது. அந்த உலர்தல்தான் குளிர்ச்சி. ஹால் 32, 33-இல் இருக்கும்வரை ஃபேன் நல்ல துணை. 35-ஐத் தாண்டினால் காற்று நம் தோலைவிடச் சூடு, வியர்வை குறைந்த பெரியவர்களுக்குப் பலன் வேகமாகக் குறையும். 40-க்கு மேல் ஃபேனை மட்டும் நம்பக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

நடுவில் இருக்கும் நாட்களுக்கு ஒரு வழி: வியர்வைக்குப் பதில் தண்ணீரை நாம் கொடுப்பது. ஈரத்துண்டால் முகம், கழுத்து, முன்கை துடைத்துவிட்டு ஃபேன் கீழே உட்கார வையுங்கள். கைகளை மணிக்கட்டுக்கு மேல் வரை ஒரு பேசின் தண்ணீரில் வைத்தாலும் இதம்.

ஃபேன் மாற்றும் நேரம் வந்தால் பிஎல்டிசி ஃபேன் வாங்குங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுத்தால் இது 30 வாட் சுமாருக்கு ஓடும். இன்வெர்ட்டரில் இரண்டு மடங்கு நேரம் வரும்.

ஏர் கூலரா, ஏசியா? எது வாங்கறது?

நம் ஊருக்குக் கோடையில் கூலர் நன்றாகவே ஒத்துவரும், கடற்கரைச் சென்னைக்கு அது பொருந்தாது. காரணம் ஈரப்பதம். 40 டிகிரி மதியத்தில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், கூலர் வாயில் வரும் காற்று 30 டிகிரிக்குக் கிட்டே இருக்கும். மின்சாரம் 200 வாட் சுமார்தான். ஆனால் ஐப்பசி மழையில் 32 டிகிரியும் 75 சதவீத ஈரமும் இருக்கும்போது அதே கூலர் மூன்று டிகிரி குறைத்து, ஹாலை ஈரச் சாக்கு ஆக்கிவிடும். ஆக, கூலர் பங்குனியிலிருந்து கோடை மழை வரை.

கூலர் ஓடும்போது எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மேலே மூடச் சொன்னேனே என்றால், அது கூலர் இல்லாத ஹாலுக்கு. ஈரக்காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் அரை மணியில் புழுக்கம். தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து, தேய்த்து, காயவிட்டுப் பிறகுதான் நிரப்ப வேண்டும். தேங்கிய நல்ல தண்ணீரில் டெங்கு கொசு வளரும். அழுக்குத் தொட்டியிலிருந்து வரும் காற்று நுரையீரல் பலவீனமானவர்களுக்குக் கேடு. வெட்டிவேர் தட்டை என்றால் வாசனை பிரமாதம், ஆனால் பூஞ்சை பிடித்ததும் மாற்றிவிடுங்கள்.

ஏசி ஒரு ஹாலுக்காவது கட்டாயம் வேண்டும் என்பது என் முடிவு. எல்லா ஹாலுக்கும் வேண்டாம். சதுர அடியை மட்டும் சொல்லி ஏசி வாங்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் 100 வாட் சுமாருக்கு வெப்பம் விடுகிறார். இருபது பேர் என்றால் 2 கிலோவாட், ஏறக்குறைய அரை டன்னுக்கு மேல் ஆட்களுக்கே போய்விடும். மேல்தளம், மேற்குச் சுவர், ஆள் கணக்கு மூன்றையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

18ல வெச்சா சீக்கிரம் குளிரும்ல?

சாதாரண ஏசியில் 18 வைத்தாலும் 26 வைத்தாலும் அது குளிர வைக்கும் வேகம் ஒன்றுதான். 26 வந்ததும் நிற்காமல் 18-ஐத் தேடி ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். 2020 ஜனவரியிலிருந்து அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு.

ஏசி போட்டா எனக்குக் கால் மரத்துப்போகுது, போடலைன்னா அவருக்கு மூச்சு முட்டுது. யார் சொல்றது சரி?

இரண்டு பேரும் சரி. தைராய்டு குறைவு, ரத்தசோகை, மெலிந்த உடம்பு உள்ளவருக்கு 27-உம் குளிரும். பருமனானவர், இதய நோயாளி, இப்போதுதான் நடந்து வந்தவர் இவர்களுக்கு அதே 27 புழுக்கம். எல்லோருக்கும் பிடித்த ஒரு எண்ணைத் தேடினால் தினமும் சண்டைதான். ஹாலைப் பாதுகாப்பான அளவில் வைத்துவிட்டு, ஆட்களை இடம் பார்த்து உட்கார வையுங்கள். எந்த ஹாலிலும் ஒரே வெப்பம் இருப்பதில்லை.

காட்பாடிப் பக்கம் ஓர் இல்லத்தில் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். ஏசிக்கு நேர் எதிரே மூன்று நாற்காலி, நீலத் துண்டு போட்டவை. ஏசி மாட்டிய சுவரை ஒட்டி, காற்று தலைக்கு மேலே போகும் இடத்தில் நான்கு, சிவப்புத் துண்டு. அங்கே ஒவ்வொரு கைப்பிடியிலும் மடித்த பருத்திப் போர்வை, கீழே ஒரு சணல் மிதியடி. தரை டைல்ஸ் குளிர்ச்சிதான் காலை மரக்க வைக்கிறது, மிதியடி போட்டதும் பாதிப் புகார் நின்றுவிட்டது. ஒரு பாட்டி காலையில் சிவப்பில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தானே நீலத்துக்கு மாறிக்கொள்கிறார்.

காற்று யார் முகத்திலும் நேராக அடிக்கக் கூடாது. ஏசியின் தகடுகளை மேல்நோக்கித் திருப்பிவிடுங்கள்.

ரிமோட்டும் ரெகுலேட்டரும் யார் கையில இருக்கணும்?

பணியில் இருப்பவர் கையில். ஆனால் எந்த எண் என்பதைப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்யட்டும், சுவரில் எழுதி ஒட்டுங்கள். ‘நம்ம சொன்னதைத்தான் வெச்சிருக்காங்க’ என்ற நிம்மதி பெரியது.

சாப்பாட்டுக் கூடத்துல உட்காரவே முடியலை. ஏசி போட்டும் பிரயோஜனம் இல்லை.

சமையலறை வாசல் கூடத்துக்குள் திறக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான். சோறு வடிக்கும் ஆவி, சாம்பார் அண்டாவின் சூடு எல்லாம் கூடத்துக்குள் வரும். வாசலுக்குக் கதவோ பிளாஸ்டிக் பட்டைத் திரையோ போட்டு, அடுப்புக்கு மேலே எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்ட பிறகு ஏசியைப் பற்றி யோசியுங்கள். கோடையில் சமையலை காலை பத்துக்குள் முடித்தால் சமைக்கிற அக்காமார்களுக்கும் உதவி. அவர்கள் அனலில் நிற்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கரண்ட் போனா என்ன பண்றது?

சாதாரண இன்வெர்ட்டர் ஏசியைத் தாங்காது, ஃபேனையும் லைட்டையும் தாங்கும். அதனால் கீழ்த்தளத்தில் வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த ஓர் அறையைக் குளிர் அறையாக முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இன்வெர்ட்டர் இணைப்பு, மண்பானைத் தண்ணீர், ஈரத்துண்டுகள், சாய்வு நாற்காலிகள் அங்கே இருக்கட்டும். கரண்ட் போய் ஹால் 32-ஐத் தாண்டினால் முதலில் படுக்கையில் இருப்பவர்களையும் மறதி நோய் உள்ளவர்களையும் அங்கே கொண்டுவாருங்கள். அவர்களால் வாய்விட்டு உதவி கேட்க முடியாது.

அப்பா மே மாசத்துலயும் ஸ்வெட்டர் போட்டுக்கிறார். குளிருதுன்னு சொல்றார். கழட்டச் சொல்லலாமா?

சண்டை போட்டுக் கழட்ட வேண்டாம். முதலில் அவர் ஏசிக்கு எதிரே உட்கார்கிறாரா பாருங்கள். அப்புறம் காய்ச்சல் இருக்கிறதா பாருங்கள், நடுக்கத்தோடு குளிர் என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தசோகை, தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள்.

மறதி நோய் உள்ளவர்களுக்குச் சூடு, குளிர் உணர்வே தடுமாறும். கம்பளிக்குப் பதில் அதே நிறத்தில் மெல்லிய பருத்தி முழுக்கைச் சட்டை கொடுத்தால் பல பேர் ஒத்துக்கொள்வார்கள். முதுகில் கை வைத்துப் பாருங்கள், நனைந்திருந்தால் உடுப்பு அதிகம்.

எல்லாருக்கும் மோர், பானகம், இளநீர்னு கொடுத்துக்கிட்டே இருக்கலாமா?

மோர் பெரும்பாலானவர்களுக்கு நல்லது. பானகம் சர்க்கரை நோயாளிக்கு வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் பழுதானவருக்கு ஆபத்து. இதயம் பலவீனமாகி, நீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொன்னவர்களுக்குத் தண்ணீரே கணக்குத்தான். யாருக்கு எது ஆகாது என்று சமையலறைச் சுவரில் பெயர்ப்பட்டியல் இருக்க வேண்டும்.

நீர் பிரிய எழுதித் தரும் மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள், சில மனநல மருந்துகள் வெயில் தாங்கும் சக்தியைக் குறைக்கும். நாமாக நிறுத்தக் கூடாது. கோடை தொடங்கும் முன் டாக்டரிடம் மருந்துச் சீட்டைக் காட்டி, அளவு மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

வெயில் தாக்கியிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

திடீர்க் குழப்பம்தான் முதல் அறிகுறி. காலையில் நன்றாகப் பேசியவர் மதியம் பெயரை மாற்றிச் சொல்வது, தள்ளாடுவது, எழுப்பினால் கண் திறக்காதது. உடம்பு அனலாகக் கொதிக்கும், 40 டிகிரிக்கு மேல் போகலாம். வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, குழப்பமும் சூடும் சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரால் நனைத்து ஃபேன் போடுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது.

மார்கழியில காலை பஜனைக்கு ஹால்ல உட்கார்ந்தா வெடவெடன்னு நடுங்குது. கரி அடுப்பு வைக்கலாமா?

கூடவே கூடாது. மூடிய ஹாலில் கரி எரிந்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும். தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அப்படியே உயிர் போகும்.

விடியற்காலையில் மீட்டர் 18-க்குக் கீழே காட்டினால் பஜனையை ஏழரைக்குத் தள்ளுங்கள். கிழக்கு ஜன்னல் வெயில் வந்ததும் ஆரம்பிக்கலாம். தரையில் ஜமக்காளம், காலுக்குச் சாக்ஸ், தலைக்கு மப்ளர், கையில் சூடான சுக்குக் காபி. வெந்நீர்ப் பை மட்டும் சர்க்கரை நோயாளியின் காலில் வைக்காதீர்கள், உணர்ச்சி இல்லாத பாதம் வெந்தே போகும்.

நான் துபாய்ல இருக்கேன். அம்மா எப்பக் கேட்டாலும் ‘நல்லா இருக்கேன்’னு சொல்றாங்க. யாரை, என்ன கேட்கணும்?

அம்மாவிடம் ‘எப்படி இருக்கே’ என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். ‘மதியம் எங்கே உட்கார்ந்திருந்தே, பக்கத்துல யாரு, என்ன குடிச்சே’ என்று கேளுங்கள். பொறுப்பாளரிடம் நேற்று மூன்று மணிக்கு ஹால் எத்தனை டிகிரி என்று கேட்டு, அந்த நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நோட்டே இல்லையென்றால் மீட்டரும் நோட்டும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். இல்லத்தில் சொல்லியும் கேட்கவில்லை என்றால் மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

ஏசி வெச்சதும் மாசக் கட்டணத்தை ஏத்திட்டாங்க. நான் அந்த ஹாலுக்கே போறதில்லை. நானும் கட்டணுமா?

நியாயமான கேள்வி. ஒன்றரை டன் ஏசி கோடையில் மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் எடுக்கும். அந்த ஹாலுக்கு மட்டும் துணை மீட்டர் மாட்டி, மாதக் கணக்கைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். எவ்வளவு ஆனது என்று தெரிந்தாலே பாதி மனத்தாங்கல் குறையும். கட்டணத்தை எல்லோருக்கும் பொதுவாக வைப்பதே சரி என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது 42 டிகிரி நாளில் கரண்ட் இருக்கும்வரை எல்லோருக்குமான அடைக்கல அறை, இன்றைக்குப் போகாதவரும் அன்றைக்குப் போக வேண்டியிருக்கும். ஆனால் கோடை நான்கு மாதத்துக்கு மட்டும் ஏற்றிவிட்டு, ஆடி முடிந்ததும் இறக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.